பழைய நாஸிலிருந்து புது நாஸுக்கு: டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றலாமா?

கோவை_சர்வர் கேட்டது:

வணக்கம். வீட்டு நாஸை (நெட்வொர்க்கில் ஃபைல் வெச்சுப் பகிர்ற பெட்டி) புதுப் பெட்டிக்கு மாத்தணும். விவரம் இது:

பழையது: ஐ3-2100, 8 ஜிபி ரேம், ட்ரூநாஸ் கோர் 13 (நாஸுக்கான ஓஎஸ், ஃபைல்களை இசட்எஃப்எஸ் முறையில் வெக்கும்), 1 கிகாபிட் போர்ட். 4 டிபி டிஸ்க் நாலு, ரெய்டு-இசட்1 (ஒரு டிஸ்க் கெட்டாலும் டேட்டா தப்பிக்கிற அமைப்பு). நாலும் சேர்ந்த பூல் பேரு 'டேங்க்'. உள்ள 7.4 டிபி டேட்டா இருக்கு.

புதுசு: மதர்போர்டில் ஆறு சாட்டா போர்ட், 16 ஜிபி ரேம், 2.5 கிகாபிட் போர்ட். ட்ரூநாஸ் ஸ்கேல் (அதோட லினக்ஸ் வகை) ஏத்தியாச்சு. 12 டிபி டிஸ்க் ரெண்டு புதுசா வாங்கி வெச்சிருக்கேன், இன்னும் மாட்டல.

வீட்டில் ரெண்டு பேர் இந்த ஷேரிலிருந்துதான் ஆபீஸ் வேலை பாக்குறாங்க. ஜெல்லிஃபின் (வீடியோ பாக்குற சர்வர்), போட்டோ எல்லாமும் இதில்தான். அரை மணி நேரத்துக்கு மேல நிறுத்த முடியாது.

என் யோசனை: ரெய்டு-இசட்1ல ஒரு டிஸ்க் இல்லாட்டியும் ஓடும்ல. அதனால ஒண்ணைக் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டி, அது செட் ஆனதும் அடுத்தது, இப்படி நாலையும் கொண்டுபோயிடலாம். இது நடக்குமா? நடக்காதுன்னா வேற வழி என்ன?

பிட்பெட்டி:

நடக்காது. முதல் டிஸ்க்கைக்கூட தயவுசெய்து கழற்றாதீர்கள்.

ரெய்டு-இசட்1ல் ஒவ்வொரு டிஸ்க்கிலும் இருப்பது துண்டு துண்டான டேட்டாவும் பாரிட்டியும் (இழந்த துண்டைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவல்). தனியாக ஒரு டிஸ்க்கை எடுத்துப் புது மெஷினில் போட்டால் அதில் படிக்க ஒரு ஃபைல்கூட இருக்காது. 'இந்தப் பூலுக்கு நாலு டிஸ்க் வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது' என்று இம்போர்ட் (பூலை ஒரு மெஷினில் சேர்த்துத் திறப்பது) மறுத்துவிடும். அந்த நேரத்தில் பழைய பெட்டி மூன்று டிஸ்க்கில் பாதுகாப்பே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவதைக் கழற்றிய நொடியில் பூல் சஸ்பெண்ட் ஆகி, ஷேரைத் திறந்து வைத்திருப்பவர்களின் கணினி உறைந்து நிற்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. புதுப் பெட்டியில் பூல் உருவாக்கும் திரையில் அந்த ஒற்றை டிஸ்க்கும் பட்டியலில் வரும். வேறொரு பூலைச் சேர்ந்தது என்று எச்சரிக்கை காட்டும். கவனிக்காமல் டிக் செய்துவிட்டால் அது போயிற்று. புது மிரர் (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா) உருவாக்கும்போது பழைய டிஸ்க் ஒன்றுகூட அந்தப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது.

டிஸ்க்கை நகர்த்துவதும் டேட்டாவை நகர்த்துவதும் இரண்டு தனித்தனி வேலை. டேட்டாவைப் பூல் ஓடும்போதே நகர்த்தலாம். டிஸ்க்குகளை நகர்த்தினால் நாலையும் ஒன்றாகத்தான் நகர்த்த வேண்டும், அதற்குப் பெட்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். உங்களிடம் 12 டிபி இரண்டு இருக்கிறது, டேட்டா 7.4 டிபிதான். அதனால் முதல் வழியிலேயே வேலை முடிந்துவிடும்.

வேலைக்கு முன்னால்: பழைய பூலில் ஒரு ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டி முடியுங்கள். நாலு டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் கணக்கு) 5, 197, 198 எண் வரிகளைப் பாருங்கள், அவை கெட்ட செக்டர் கணக்கு. 197, 198 பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க் தள்ளாடுகிறது என்று பொருள். அப்போது காப்பி வேலையை ஒத்திப்போடாமல் உடனே தொடங்க வேண்டும். 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க் தப்பித்தது.

புது டிஸ்க் இரண்டையும் நம்பி உடனே டேட்டாவை ஏற்றாதீர்கள். ஸ்மார்ட் லாங் டெஸ்ட் ஒன்றாவது ஓட்டுங்கள். பேட்பிளாக்ஸ் என்ற சோதனைக் கட்டளையை ஓட்டுவதாக இருந்தால் பிளாக் அளவை 4096 என்று கொடுக்க வேண்டும். தானாக எடுக்கும் 1024ல் 12 டிபி டிஸ்க்கின் பிளாக் எண்ணிக்கை 32 பிட்டுக்குள் அடங்காது, கட்டளை அங்கேயே நின்றுவிடும். நாலு பேட்டர்னும் ஓடி முடிய ஆறு நாள் வரை ஆகும். ஒரே பேட்டர்ன் என்றாலும் ஒன்றரை நாள். இது டிஸ்க்கை முழுக்க அழித்து எழுதும் சோதனை, காலி டிஸ்க்கில் மட்டுமே ஓட்ட வேண்டும்.

பிறகு இப்படிப் போங்கள்.

1. புதுப் பெட்டியில் 12 டிபி இரண்டையும் மிரராகப் போட்டு ஒரு பூல் செய்யுங்கள். அதற்கும் 'டேங்க்' என்றே பெயர் வைக்காதீர்கள். 'களம்' என்றோ எதுவோ. பின்னால் பழைய பூலையும் இதே மெஷினில் இம்போர்ட் செய்ய நேர்ந்தால் ஒரே பெயரில் இரண்டு வந்து குழப்பும்.

2. பழையதில் இருக்கும் யூசர்களைப் புதியதில் அதே யூஐடி, ஜிஐடி (யூசர், குரூப்) எண்ணோடு உருவாக்குங்கள். ஃபைலின் உரிமை எண்ணாகத்தான் டிஸ்க்கில் பதிந்திருக்கிறது. கோரில் 1000 ஆக இருந்தவரை ஸ்கேலில் சும்மா உருவாக்கினால் 3000 என்று போட்டுவிடும். டேட்டா முழுவதும் வந்திருக்கும், திறந்தால் 'அனுமதி இல்லை' என்று சொல்லும்.

3. ஸ்கேலில் ரெப்ளிகேஷன் டாஸ்க் (பூலிலிருந்து பூலுக்குக் காப்பி செய்யும் வேலை) போட்டு, புதுப் பெட்டி பழையதிலிருந்து இழுக்கும்படி அமையுங்கள். பூலின் வேரைக் கொடுக்காமல் உள்ளே இருக்கும் டேட்டாசெட்டுகளை (பூலின் உட்பிரிவுகள்) தேர்ந்தெடுங்கள். ஐயோகேஜ் டேட்டாசெட்டை விட்டுவிடுங்கள். அதில் இருப்பது கோரின் ஜெயில் (ஆப்களைத் தனியாக ஓட்டும் அறை), அது ஸ்கேலில் ஓடாது. ஜெல்லிஃபினைப் புதிதாக நிறுவித்தான் ஆக வேண்டும், மீடியா ஃபைல்கள் மட்டும் வந்துசேரும்.

4. உங்கள் ஐ3-2100ல் ஏஇஎஸ்-என்ஐ (என்கிரிப்ஷனை வேகமாக்கும் சிபியூ வசதி) கிடையாது. எஸ்எஸ்ஹெச் வழியாக அனுப்பினால் என்கிரிப்ஷன் வேலையே அந்த சிபியூவை அழுத்தும். வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் போகிறது என்பதால் டிரான்ஸ்போர்ட்டில் 'எஸ்எஸ்ஹெச் பிளஸ் நெட்கேட்' தேர்ந்தெடுங்கள். நெட்கேட்டில் டேட்டா என்கிரிப்ட் ஆகாமல் போகும், அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

5. 1 கிகாபிட்டில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி கிடைக்கும். 7.4 டிபிக்கு ஏறக்குறைய 19 மணி நேரம். புதியதில் 2.5 கிகாபிட் இருப்பதால் இங்கே பயனில்லை, பழைய பெட்டியின் போர்ட்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். இந்த 19 மணி நேரமும் பழைய ஷேர் வழக்கம்போல வேலை செய்யும். காப்பி ஆவது ஸ்நாப்ஷாட், அது எடுத்த நொடியின் நிலை.

6. முதல் காப்பி முடிந்ததும் இன்க்ரிமென்டலாக ஒன்றிரண்டு முறை ஓட்டுங்கள். மாற்றங்கள் மட்டும் போகும். நாளுக்கு 20 ஜிபி மாறுகிறது என்றால் மூன்று நிமிடம்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. இடைப்பட்ட நாளில் பழையதில் இருக்கும் தானியங்கி ஸ்நாப்ஷாட் டாஸ்க் காலாவதிக் கணக்குப்படி அந்த அடிப்படை ஸ்நாப்ஷாட்டை அழித்துவிட்டால் இன்க்ரிமென்டல் போகாது, மறுபடி 19 மணி நேரம். ஆயுளை இரண்டு வாரமாவது வையுங்கள், அல்லது அந்த ஸ்நாப்ஷாட்டுக்கு ஹோல்டு (அழிக்க விடாத பூட்டு) போடுங்கள்.

7. மாற்றும் நேரம். பழைய டேட்டாசெட்டுகளை ரீட்ஒன்லி ஆக்குங்கள். இப்போது வீட்டில் இருப்பவர்கள் படிக்க முடியும், எழுத முடியாது. கடைசி ஸ்நாப்ஷாட் எடுத்து, கடைசி இன்க்ரிமென்டல் ஓட்டுங்கள். பழைய மெஷினுக்கு வேறு ஐபி கொடுத்துவிட்டு, பழைய ஐபியையும் ஹோஸ்ட்நேமையும் புதியதுக்குக் கொடுங்கள். ரவுட்டரில் மேக் முகவரிக்கு ஐபி ஒதுக்கியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். புதியதில் அதே ஷேர் பெயர்களை வைத்தால் விண்டோஸில் மேப் செய்த டிரைவ் எழுத்துகள் அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

8. ரெப்ளிகேஷனில் வந்த டேட்டாசெட்டுகள் ரீட்ஒன்லியாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் அதை ஆஃப் செய்யுங்கள், உள்ளே குட்டி டேட்டாசெட்டுகளில் தனியாக ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 'ஷேர் தெரிகிறது, எழுத முடியவில்லை' என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதை.

9. உடனே ரெப்ளிகேஷன் டாஸ்க்கை டிஸேபிள் செய்யுங்கள். இதை மறந்தால், அடுத்த முறை அது தானாக ஓடி, புதியதில் நீங்கள் எழுதியதை ரோல்பேக் செய்து பழைய நிலைக்குக் கொண்டுபோகும் வாய்ப்பு உண்டு. முழு வேலையிலும் எனக்குப் பயமான இடம் இதுதான்.

6, 7ஆம் படிகளில் நேரத்தை அளந்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள். எழுத முடியாத நேரம் 10, 15 நிமிடத்துக்குள் முடியும்.

கோவை_சர்வர்:

ரொம்ப நன்றி. ரீட்ஒன்லி வெச்சா படிக்கிறதுகூட நிக்காதுங்கிறது தெரியாமப் போச்சு. பழைய டிஸ்க் நாலையும் பிறகு புதுப் பெட்டியில் போட்டு ரெண்டாவது பூலா வெச்சுக்க ஆசை. 2+4, ஆறு போர்ட்டும் சரியாப் போயிடும். அப்படியே தூக்கி மாட்டலாமா, ஏதாவது முன்னாடி செய்யணுமா? இன்னொண்ணு: 19 மணி நேரத்தில் நடுவில கரண்ட் போனா?

திருகாணி:

ஹார்டுவேர் பக்கம் நான் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. பழைய பவர் சப்ளையோட சாட்டா பவர் கேபிளை உருவிப் புது பவர் சப்ளையில் செருகாதீங்க. மாடுலர் சப்ளையில் டிஸ்க் பக்க முனை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். சப்ளை பக்க முனையில் எந்தப் பின்னில் 5 வோல்ட், எதில் 12 வோல்ட்ங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் மாறும். செருகினா அழகா உள்ள போகும். ஆன் பண்ணினா 5 வோல்ட் லைனில் 12 வந்து நாலு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் போகும். அப்போ ரெய்டு எதுவும் காப்பாத்தாது.

அடுத்து பவர் கணக்கு. 3.5 இன்ச் டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்ப் இழுக்கும். ஆறு டிஸ்க்னா 12 ஆம்ப், 144 வாட், சில நொடிக்கு. சப்ளை இதைத் தாங்கும். ஆனா ஒரு சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூணு பின், பின்னுக்கு 1.5 ஆம்ப், மொத்தம் 4.5 ஆம்ப்தான் கணக்கு. ஒரு சாட்டாவிலிருந்து நாலு சாட்டா பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் போட்டா அந்த ஒரு கனெக்டர் வழியா 8 ஆம்ப் போகும். கனெக்டர் கருகுறது இப்படித்தான். ஆறையும் ரெண்டு தனி கேபிளில் மூணு மூணா பிரிச்சு, சப்ளையோட வந்த கனெக்டரிலேயே மாட்டுங்க. மோலெக்ஸிலிருந்து சாட்டா அடாப்டர் போட்டே ஆகணும்னா, கம்பிகளை அச்சில் ஊத்தி மூடின வகை வேண்டாம். கம்பி வெளிய தெரியுற மாதிரி கிரிம்ப் பண்ணின வகை வாங்குங்க.

உங்க 12 டிபி டிஸ்க் யூஎஸ்பி வெளிப்பெட்டியிலிருந்து பிரிச்சதா, நேரா வாங்கினதான்னு சொல்லல. பிரிச்சதுனா, மாட்டினதும் சுத்தாம செத்த மாதிரி கிடக்கலாம். பழுதுன்னு திருப்பி அனுப்பிடாதீங்க. புது சாட்டா ஸ்பெக்கில் பவர் கனெக்டரோட மூணாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தா 'டிஸ்க்கை அணை'ன்னு அர்த்தம். பல சப்ளைகள் அங்க 3.3 வோல்ட்டை எப்பவும் கொடுத்துக்கிட்டே இருக்கும். அந்தப் பின் மேல மட்டும் மெல்லிசா கேப்டன் டேப் (மின்சாரம் கடத்தாத டேப்) ஒட்டினா ஓடும். எல் வடிவக் கனெக்டரில் வளைவு இருக்கிற முனையிலிருந்து எண்ணணும். முதல் மூணு பின்னையும் சேர்த்து மூடினாலும் பரவாயில்லை, அவை மூணுமே 3.3 வோல்ட் சார்ந்தவை. நாலாவதைத் தொடக் கூடாது, அது கிரவுண்ட்.

மதர்போர்டு கையேட்டில் எம்.2 ஸ்லாட் பத்தின அடிக்குறிப்பைப் படிங்க. நிறைய போர்டில் எம்.2வில் சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டா ஒரு சாட்டா போர்ட் அணைஞ்சுடும். பூட் டிஸ்க் எங்க மாட்டியிருக்கீங்க? ஆறும் டேட்டாவுக்குப் போனா பூட்டுக்கு என்விஎம்இ எஸ்எஸ்டிதான் வழி. ஆறுக்கு மேல வேணும்னா ஐடி மோடு (டிஸ்க்கை அப்படியே காட்டுற) ஃபர்ம்வேர் போட்ட எல்எஸ்ஐ 9207-8ஐ மாதிரி ஹெச்பிஏ கார்டு (கூடுதல் டிஸ்க் போர்ட் தர்றது) எடுங்க. ரெய்டு மோடில் இருக்கிற கார்டு வேண்டாம், டிஸ்க்கை நேரா காட்டாம நடுவில தன் கணக்கை எழுதும்.

மாட்டும்போது: 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 6-32 திருகு, 2.5 இன்ச்சுக்கு எம்3. ரெண்டையும் கலந்துட்டா, முதல் ரெண்டு சுத்து போகும், அப்புறம் பிடிக்கும். அங்கேயே நிறுத்திடுங்க, அழுத்தினா மரை போயிடும். பெரிய கொள்ளளவு டிஸ்க் பலதில் அடியில் நடு ஓட்டை இருக்காது. பழைய ட்ரேயில் நடு ஓட்டையை நம்பி வடிவமைச்சிருந்தா ஒரு பக்கம்தான் பிடிக்கும், அதிரும்.

கழற்றும் முன்னாடி டிஸ்க் முனையில் சீரியல் நம்பரோட கடைசி நாலு எழுத்தை எழுதி ஒட்டுங்க. இசட்எஃப்எஸ்ஸுக்கு எந்த டிஸ்க் எந்த போர்ட்டில்ங்கிற வரிசை தேவையே இல்லை. ஒரு நாள் ஒண்ணு கெட்டா எதைக் கழற்றணும்னு உங்களுக்குத் தெரியணும், அதுக்குத்தான்.

இரவுக்காவல்:

கரண்ட் கேள்விக்கு: டாஸ்க் வழியாகப் போகும் ரெப்ளிகேஷன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பெறும் பக்கத்தில் ரெஸ்யூம் டோக்கன் என்று ஒன்று பதிந்திருக்கும். கையால் கட்டளை கொடுத்துப் பெறுபவர்கள் ரிசீவில் சின்ன 'எஸ்' ஆப்ஷன் சேர்க்காவிட்டால் அந்த டோக்கன் கிடைக்காது, பூஜ்யத்திலிருந்துதான். நெட்கேட்டில் அறுந்தால் டாஸ்க்கை நீங்களே மறுபடி ஓட விடுங்கள்.

இரண்டு பெட்டிகளை மட்டும் யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு நடுவில் இருக்கும் ஸ்விட்சை விட்டுவிடுவார்கள். அதையும் சேர்த்துப் போடுங்கள். வீட்டு இன்வெர்டரை நம்பினால், அது யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளி ஃபேன் லைட்டுக்குப் போதும், கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

பழைய பூலைத் தூக்கி மாட்டுவதற்கு: கோரின் திரையில் 'எக்ஸ்போர்ட், டிஸ்கனெக்ட்' கொடுங்கள். வரும் பெட்டியில் 'இந்தப் பூலின் டேட்டாவை அழி' என்ற டிக் இருக்கும், அது காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். பூல் என்கிரிப்ட் ஆகியிருந்தால் கீ ஃபைலை முதலிலேயே வேறிடத்தில் இறக்கி வையுங்கள். பிறகு ஷட்டவுன், டிஸ்க் சுற்றுவது நிற்க அரை நிமிடம் பொறுத்து, அப்புறம் கழற்றுங்கள். எக்ஸ்போர்ட் செய்ய மறந்து கழற்றிவிட்டால் கெட்டுப்போகாது. 'கடைசியாக வேறு மெஷின் பயன்படுத்தியது' என்று இம்போர்ட் மறுக்கும், ஃபோர்ஸ் கொடுக்க வேண்டியிருக்கும். ஃபோர்ஸ் பழக்கமாகிவிடக் கூடாது என்பதால்தான் எக்ஸ்போர்ட்டை வலியுறுத்துகிறேன்.

முதல் இம்போர்ட்டை ஷெல்லில் ரீட்ஒன்லியாகச் செய்து, நாலு டிஸ்க்கும் ஆன்லைன் என்று காட்டுகிறதா, ஃபைல்கள் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, திரை வழியாக முறையாக இம்போர்ட் செய்யலாம்.

உள்ளே வந்ததும் 'பூலை அப்கிரேட் செய்' என்று ஸ்கேல் அழைக்கும். இப்போது அழுத்தாதீர்கள். அழுத்தினால் புதிய ஃபீச்சர் ஃப்ளாகுகள் ஏறும், அதன்பின் கோர் 13 இந்தப் பூலைத் திறக்காது. திரும்பிப் போகும் வழி அடைபடும். அப்கிரேட் செய்யாமல் இருப்பதால் டேட்டாவுக்கு ஒரு குறையும் இல்லை.

தனித்தட்டு:

ஒவ்வொரு டிஸ்க்காக நகர்த்தும் வழி உண்மையிலேயே வேண்டும் என்பவர்களுக்காக, அது நடக்கும் அமைப்புகளைச் சொல்கிறேன். கேள்வி கேட்டவருக்கு இது பொருந்தாது.

மிரர் பூல்: 'இசட்பூல் ஸ்ப்ளிட்' என்று கட்டளை உண்டு. ஒவ்வொரு மிரரிலிருந்தும் ஒரு டிஸ்க்கைப் பிரித்துப் புதிய பெயரில் தனிப் பூலாக்கும். அதைக் கழற்றிப் புது மெஷினில் இம்போர்ட் செய்தால் முழு டேட்டாவும் அங்கே, பழையதிலும் முழு டேட்டா ஓடுகிறது. டெராபைட் கணக்கில் காப்பி செய்ய வேண்டியதே இல்லை, இடையில் மாறியதை இன்க்ரிமென்டலில் அனுப்பினால் போதும். இரண்டு பக்கமும் ஒற்றைப் பிரதியாக நிற்கும் காலத்தைச் சுருக்க வேண்டும் என்பதுதான் இதன் விலை. டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பிறகு யோசித்தால் ஆகாது, ஸ்ப்ளிட் கட்டளைக்குப் பின்புதான் கழற்ற வேண்டும்.

மெர்ஜர்எஃப்எஸ் (பல டிஸ்க்கை ஒன்றாகக் காட்டுவது), ஸ்நாப்ரெய்டு (அவற்றுக்குப் பாரிட்டி கணக்கிடுவது): ஒவ்வொரு டிஸ்க்கும் தனி ஃபைல்சிஸ்டம். ஒன்றைப் புதுப் பெட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஷேர்) வழியாகப் பழைய பெட்டியில் அதே இடத்தில் மவுண்ட் செய்தால் ஷேரில் எல்லா ஃபைலும் தெரிந்துகொண்டே இருக்கும். ஒரு டிஸ்க் கைமாறும் ஐந்து நிமிடம் அந்த டிஸ்க்கின் ஃபைல்கள் மட்டும் காணாமல் போகும். அந்த இடைவெளியில் ஸ்நாப்ரெய்டு சிங்க் ஓடக் கூடாது, கிரான் வேலையை (நேரம் வைத்துத் தானாக ஓடுவது) முதலில் நிறுத்துங்கள். காணாத ஃபைல்களை அழித்ததாக எண்ணும் வாய்ப்பு உண்டு.

சினாலஜி கம்பெனியின் நாஸ் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு: அடியில் எம்டிஏடிஎம், எல்விஎம் (லினக்ஸின் ரெய்டு, வால்யூம் கருவிகள்) தான். ஒரு சினாலஜியிலிருந்து இன்னொன்றுக்கு எல்லா டிஸ்க்கையும் அதே வரிசையில் ஒன்றாக மாற்றினால் மைக்ரேஷன் திரை வரும். டிஎஸ்எம் (சினாலஜியின் ஓஎஸ்) பழைய பதிப்பாக இருக்கும் பெட்டிக்குப் பின்னோக்கிப் போக முடியாது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரெய்டு-இசட்டுக்கு எஸ்எம்ஆர் டிஸ்க் (தடங்களை ஒன்றின் மேல் ஒன்று படிய எழுதும் வகை) எடுக்காதீர்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் சாதாரண ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான ஈஎஃப்ஏஎக்ஸ் மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020ல் வெளியே வந்தது. சிஎம்ஆர் (தடங்கள் படியாத வகை) வேண்டுமானால் அதே கம்பெனியில் ரெட் பிளஸ் என்று பார்த்து வாங்க வேண்டும். கேட்டவரின் பழைய 4 டிபி டிஸ்க்குகளின் மாடல் எண்ணையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. எஸ்எம்ஆராக இருந்தால் படிக்கும்போது பிரச்சினை தெரியாது, ஒன்று கெட்டு ரீசில்வர் (மாற்று டிஸ்க்கை நிரப்புவது) ஓடும்போதுதான் நாள் கணக்கில் இழுக்கும்.

கோவை_சர்வர்:

மாடல் எண் பாத்தேன், நாலும் சிஎம்ஆர். 12 டிபி ரெண்டும் நேரா வாங்கினதுதான், லாங் டெஸ்ட் போட்டுட்டேன். பூட் என்விஎம்இல இருக்கு. கடைசிக் கேள்வி: ரெண்டு மூணு வாரம் கழிச்சு பழைய நாலையும் காலி பண்ணி புது பேக்கப் பூலா மாத்தினா, சும்மா ஃபார்மேட் பண்ணினா போதுமா?

பிட்பெட்டி:

போதாது. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு டிஸ்க்கிலும் தன் லேபிளை நாலு பிரதியாக எழுதி வைக்கும், ஒவ்வொன்றும் 256 கேபி. இரண்டு தொடக்கத்தில், இரண்டு கடைசியில். சாதாரண ஃபார்மேட் தொடக்கத்தை மட்டும் தொடும், கடைசியில் இருப்பது தப்பிக்கும். பிறகு இம்போர்ட் பட்டியலில் செத்துப்போன 'டேங்க்' பேயாக வந்து நிற்கும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் இசட்எஃப்எஸ் பார்ட்டிஷனைக் குறிப்பிட்டு 'இசட்பூல் லேபிள்கிளியர்' கொடுங்கள், அல்லது ஸ்கேல் திரையில் டிஸ்க்கைத் தேர்ந்து வைப் செய்யுங்கள். கட்டளையில் கொடுப்பது 'எஸ்டிஏ, எஸ்டிபி' பெயராக இருக்க வேண்டாம். ரீபூட்டில் அவை இடம் மாறும், 12 டிபி மிரரின் டிஸ்க்கே மாட்டிக்கொள்ளலாம். 'பை-ஐடி' பாதையில் சீரியல் நம்பரோடு வரும் பெயரை, ஒட்டி வைத்திருக்கும் சீட்டோடு ஒப்பிட்டுக் கொடுங்கள்.

அதற்கு முன் புது மிரரில் ஒரு ஸ்க்ரப் முடிந்து, பிழை பூஜ்யம் என்று வந்திருக்க வேண்டும். அதுவரை அந்த நாலையும் ஆன்டிஸ்டாட்டிக் உறையில் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் வையுங்கள்.